டூட்டி லிஸ்ட்டைத் தீட்ட விடுங்கள்

மருத்துவமனை மென்பொருளுக்குத் திரை வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தொழில்தான். என் அக்கா ஒரு மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். மாதக் கடைசியில் 24 பேருக்கு டூட்டி லிஸ்ட் போடுவது அவர் பொறுப்பு. 24 பேர், 30 நாள், ஆக 720 கட்டம்.

முன்பெல்லாம் சார்ட் பேப்பரில் போடுவார். நைட் டூட்டிக்கு நீல ஸ்கெட்ச் பேனா. ஒருவருக்குத் தொடர்ந்து ஆறு நைட் என்றால் ஆறு கட்டத்தின் மேலும் ஒரே இழுப்பு, அவ்வளவுதான். இப்போது கணினியில். கட்டத்துக்குக் கட்டம் ஒரு டிராப் டவுன். திறக்க ஒரு கிளிக், ‘நைட்’ என்று தேர்ந்தெடுக்க இன்னொரு கிளிக். மாதத்துக்கு 1,440 கிளிக். போன மாதம் பாதியில் கண் ஒரு வரிசை தவறிவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்த பெண்ணுக்கு அன்றைக்கே நைட் விழுந்துவிட்டது. அக்காவுக்கு மனசே ஆறவில்லை.

அந்த ஸ்கெட்ச் பேனாவைத் திரையிலும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ‘நைட்’ என்ற தூரிகையை ஒருமுறை எடுத்துக்கொண்டு, வேண்டிய கட்டங்களின் மேல் இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

இது புதிதும் இல்லை. 1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியுடன் வந்த மேக்பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளில், படத்தைப் பெரிதாக்கிப் புள்ளி புள்ளியாகத் திருத்தலாம். வெள்ளைப் புள்ளியில் தொட்டால் அந்த இழுப்பு முழுக்கக் கறுப்பு. கறுப்பில் தொட்டால் முழுக்க வெள்ளை. அந்த மென்பொருளை எழுதிய பில் அட்கின்சன் செய்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஃபோட்டோஷாப்பில் லேயர்களை (பட அடுக்குகளை) மறைக்கும் கண் குறியை வரிசையாக இழுத்து அணைத்துப் பழகியவர்கள்தானே நாம்? விண்டோஸ் விஸ்டாவில் பிள்ளைகளின் கணினி நேரத்தைப் பெற்றோர் வாரக் கட்டத்தில் இழுத்துத்தான் குறித்தார்கள்.

வார விடுமுறை மாதிரி ஆம், இல்லை என்று இரண்டே நிலை உள்ள இடத்தில், முதல் கட்டம்தான் இழுப்பின் மதிப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கை படும் ஒவ்வொரு கட்டமும் தன்பாட்டுக்குத் தலைகீழாக மாறினால், ஏற்கெனவே குறித்தவை அழிந்து, குறிக்காதவை நிரம்பி, எல்லாம் குழம்பிவிடும். அப்புறம், மவுஸ் வேகமாகப் போனால் நடுவில் சில கட்டங்களுக்கு மவுஸ் கடந்து போன செய்தியே வராது. முந்தைய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் கோடு போட்டு இடையில் உள்ளவற்றையும் நிரப்புங்கள். ஓர் இழுப்புக்கு ஓர் அன்டூ போதும். ஆறு நைட்டைத் திரும்பப் பெற ஆறு தடவை அழுத்த வைக்காதீர்கள். ஒப்புதல் கிடைத்த லீவு நாளைத் தூரிகை தொடாமல் தாண்டிப் போகட்டும். அது இருந்திருந்தால் அந்தப் பெண் கல்யாணத்தில் இருந்திருப்பாள்.

போனில் விரலை இழுத்தால் பக்கம் நகரும். அங்கே தூரிகைக்குத் தனிப் பொத்தான் வைத்து, அது அழுத்தியிருக்கும்போது மட்டும் தீட்ட விட்டால் சரி.

இழுக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். கை நடுங்குபவர்கள், மணிக்கட்டு வலிக்காரர்கள். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற, உடற்குறை உள்ளவர்களும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதலே, இழுத்துச் செய்வதை இழுக்காமலும் செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது. தொடக்கக் கட்டத்தில் ஒரு தட்டு, முடிவில் ஒரு தட்டு என்று வைக்கலாம். கீபோர்டில் ஷிஃப்டும் அம்புக்குறியும் இருக்கின்றன. நிறத்தோடு எழுத்தும் போடுங்கள். சிவப்பும் பச்சையும் எல்லோர் கண்ணுக்கும் வேறு வேறாகத் தெரிவதில்லை.

இதை எழுதிப் பார்க்க எனக்கு ஒரு வார இறுதி போதுமாக இருந்தது. அக்காவிடம் கொடுத்தேன். ஆறு நைட்டை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஆனால் வார்டில் ஓடுவது உங்கள் மென்பொருள்தான். அடுத்த பதிப்பு போடுவதற்கு முன், ஏதாவது ஒரு மாதக் கடைசியில் ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் லிஸ்ட் போட்டு முடிக்கும்வரை பாருங்கள்.

அன்புடன்,
சக வடிவமைப்பாளன்