ஏற்காட்டு வீட்டைக் கட்டியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

2025 தை மாதம் ஏற்காட்டு வீட்டில் பால் காய்ச்சினோம். வந்தவர்கள் தூணைத் தடவிப் பார்த்தார்கள், தரையைக் குனிந்து பார்த்தார்கள், எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்கள். யார் கட்டியது என்று கேட்டவர்கள் இரண்டே பேர். வாசலில் பதித்த கல்வெட்டிலும் என் வீட்டுக்காரர் பெயரும் என் பெயரும் மட்டும்தான் இருக்கின்றன. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மடலை அப்போதே மனதில் எழுத ஆரம்பித்தேன். நாலு பேர் கைக்குப் போகிற கடிதம், எங்கள் பெயர் வேண்டாம் என்று உங்களில் பலர் சொன்னதால் பெயர் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

2011 தையில் பூமி பூஜை போட்டோம். மூன்று வருஷத்தில் குடி போய்விடலாம் என்றார் அவர். 14 வருஷம் ஆகிவிட்டது. 16,000 சதுர அடி, 36 தேக்குத் தூண், இரண்டு முற்றம். இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று சொந்தபந்தம் எல்லாம் கேட்டது. நானும் கேட்டேன், சண்டை போட்டே கேட்டிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையும் சமையலும் ஒரே அறையில் நடந்த வீட்டில், ஏழு பேரில் ஒருவராக வளர்ந்தவர் அவர். சின்ன வயதில் ஏற்காடு போனபோது, இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் காலத்துப் பங்களாவை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாராம். உள்ளே எத்தனை அறை இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டாராம். அந்தக் கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை.

வரைபடம் போட்ட தம்பிக்கு முதலில் நன்றி. மலையில் மரத்தைத் தொட 1955லேயே வந்த சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்கி வெட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். நீங்கள் அதற்குப் போகவே இல்லை. இரண்டு பலா மரமும் நிற்கட்டும் என்று முற்றத்தையே திருப்பி வரைந்தீர்கள். இந்த வருஷமும் காய்த்திருக்கிறது.

லாரி ஓட்டிய தம்பி, உங்களுக்கு என்ன சொல்வது! சேலத்திலிருந்து மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவு. சிமென்டும் கம்பியும் ஏற்றுவதே பெரும்பாடு. தூண் ஒவ்வொன்றும் 16 அடி. நீள லாரி திரும்பாது என்பதால் அடிவாரத்தில் இறக்கி, சின்ன வண்டிக்கு மாற்றி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டி, ராத்திரி 11 மணிக்கு மேல் புறப்படுவீர்கள். ஒவ்வொரு வளைவிலும் முன்னே ஓர் ஒடி, பின்னே ஓர் ஒடி, மறுபடி முன்னே. கிளீனர் பையன் கையில் கட்டையோடு கூடவே ஓடி வந்து சக்கரத்துக்கு அண்டை கொடுப்பான். நடைக்கு நான்கு தூண், ஒன்பது நடை. ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை.

அடுத்து, கல் உடைத்தவர்களுக்கு. கடக்கால் தோண்டியபோது நான்கடியில் பாறை தட்டியது. சேர்வராயன் மலையே சார்னோகைட் என்கிற கல்தான். உளி மழுங்கிப் போகும் கல். வெடி வைத்தால் கீழே உள்ள வீடுகள் அதிரும் என்று வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்தே பிளந்தீர்கள். ஏழு மாதம். பிளந்த கல்லைத்தான் அஸ்திவாரத்துக்கும் வைத்தோம்.

இனி, கட்டின சுவருக்குத் தண்ணீர் விட வந்த மலைக்கிராமத்து அக்காவுக்கு. கிழக்குச் சரிவில் மண்ணைத் தாங்க ஒரு சுவர் எழுப்பும்போது, "அம்மிணி, அந்த எடத்துல ஐப்பசி வந்தா உள்ளுக்குள்ள தண்ணி ஓடும், செவுத்த அங்க வெக்காதீங்க" என்று சொன்னீர்கள். அப்போதிருந்த பொறியாளர் காதில் வாங்கவில்லை. நாங்களும்தான். 2015 மழையில் 40 அடிச் சுவர் வயிறு தள்ளி, ஒரு ராத்திரி சாய்ந்து விழுந்தது. பகலாக இருந்திருந்தால் கீழே ஆள் இருந்திருப்பார்கள், இன்றைக்கும் நினைத்தால் பதறுகிறது. பின்னால் தேங்கிய தண்ணீர் வெளியேற வழி இல்லை, ஊறிய மண்ணும் தண்ணீரும் சேர்ந்து தள்ளினால் எந்தச் சுவரும் நிற்காது என்று அடுத்து வந்த பொறியாளர் விளக்கினார். கோடையில் நீங்கள் முன்னால் நடக்க, அவர் பின்னாலேயே சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டு வந்தார். ஊற்று ஓடும் வழியை விட்டு, சுவர் 12 அடி உள்ளே தள்ளி வந்தது. முதுகுப் பக்கம் ஜல்லி நிரப்பி, ஐந்தடிக்கு ஒரு குழாய் வைத்தார்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுவிட்டது. பாதை திறந்ததும் ஓடினேன். எல்லாக் குழாயிலும் செந்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. சுவர் அப்படியே நின்றது. அக்கா, உங்களுக்கு நாங்கள் கொடுத்தது தண்ணீர் விட்டதற்கான கூலி. மலையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அன்று கேட்காமல் போனதற்கு என்னை மன்னியுங்கள்.

2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று ஆனபோது, சனிக்கிழமைச் சம்பளம் போட கையில் சில்லறைப் பணம் இல்லை. அப்போது ஐந்து வாரம் கடன் நோட்டில் எழுதிக்கொண்டு எல்லோருக்கும் சோறு போட்ட கடைக்கார அம்மா, கணக்கைத் தீர்த்துவிட்டோம். ஆனால் அது தீருகிற கணக்கு இல்லை.

2018 ஆடியில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் பிள்ளைகள்கூட இருக்கிற நிலையில் விற்றுவிடலாம் என்றார்கள். மேஸ்திரி அண்ணா, நீங்கள் சாவிக்கொத்தோடும் கூலி நோட்டோடும் வந்து திண்ணையில் உட்கார்ந்தீர்கள். விற்பது விற்காதது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மாடித் தூணுக்கு விட்ட கம்பி வெளியில நிக்குது அம்மா, மழை பட்டா துரு ஏறிடும். சிமென்ட் பால் அடிச்சு வெச்சிருக்கேன். நீங்க நிதானமா யோசிங்க" என்றீர்கள். யாரும் சொல்லாமல், கூலியும் கேட்காமல், அந்தப் பதினாறு நாளில் அதைச் செய்திருந்தீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டை முடிப்பது என்று முடிவெடுத்தேன்.

காரைக்குடிப் பக்கமிருந்து வந்த பூச்சுக்காரர்களுக்கு. கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லத் தண்ணீர், வாரக்கணக்கில் அரைத்த சுண்ணாம்பு, கடைசிப் பூச்சுக்கு நாமக்கல்லிலிருந்து வந்த முட்டையின் வெள்ளைக்கரு. ஒரு பூச்சு இறுகாமல் அடுத்த பூச்சு ஏறக்கூடாது. இங்கேயோ பனிமூட்டம் வந்தால் நாள் கணக்கில் சுவர் ஈரம். தை முதல் வைகாசி வரைதான் உங்களுக்கு வேலை, அதிலும் 2020 ஊரடங்கில் இரண்டு மாதம் கொட்டகையிலேயே மாட்டிக்கொண்டீர்கள். அப்போது பீன்ஸும் சௌசௌவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கிராமத்தார் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கூழாங்கல்லால் நீங்கள் தேய்த்த கூடத்துச் சுவரில் இன்று விளக்கு ஏற்றினால் சுடர் தெரிகிறது.

ஆத்தங்குடிக் கல் பதித்தவர்கள், கைப்பிடிக் கம்பியில் அவர் வரைந்து கொடுத்த கொலுசுச் சலங்கையை அப்படியே இரும்பில் அடித்த ஆசாரி, கம்பி கட்டியவர்கள், எட்டு மாதக் கைப்பிள்ளையைச் சாரத்தடியில் தூளியில் போட்டுவிட்டு மண் சுமந்த தங்கை, எல்லோருக்கும் என் நன்றி. அந்தக் குழந்தை இப்போது எட்டாவது படிக்கிறாள்.

மேஸ்திரி அண்ணா, மாடிப்படி திரும்புகிற இடத்து ஜன்னல் திட்டில் உங்கள் தூக்குக்குண்டு இருக்கிறது. நூல் நைந்திருக்கிறது, குண்டு நன்றாக இருக்கிறது. பெருக்க வருபவர்களிடம் அதை நகர்த்த வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கண் ஆபரேஷன் ஆறியதும் வாருங்கள். வரும்போது அந்தக் கூலி நோட்டை எடுத்து வாருங்கள், 14 வருஷத்தில் வேலை செய்த எல்லோர் பெயரும் அதில்தான் இருக்கிறது. வாசலில் இரண்டாவது கல்லுக்குச் சொல்லிவிட்டேன். கல் வந்து இறங்கிவிட்டது, எழுத்து வெட்டுபவர் பெயர்களுக்காகக் காத்திருக்கிறார்.