25ஆம் நம்பர் பஸ்ஸில இருந்து என்னை இறக்கின ஆக்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். இதை எப்பவோ எழுதியிருக்க வேணும், வெக்கத்தில எழுதேல்லை. இப்ப ஊரில இருக்கிற அக்காவுக்கே விசயம் தெரிஞ்சு அழுது முடிஞ்சுது, இனி ஆருக்கு ஒளிக்கிறது.

2022 ஒக்டோபர்ல இருந்து டிசம்பர் நடு வரைக்கும் நான் லண்டன்ல 25ஆம் நம்பர் பஸ்ஸிலதான் நித்திரை கொண்டனான். ஈஸ்ட் லண்டன் ஆக்களுக்கு அந்த பஸ்ஸைத் தெரியும், இல்ஃபோர்டில வெளிக்கிட்டு ஸ்ட்ராட்ஃபோர்ட், மைல் எண்ட் எண்டு சிற்றி வரைக்கும் போகும், 24 மணித்தியாலமும் ஓடும். அப்ப ஒருக்கா ஏற 1.65 பவுண், ஒரு மணித்தியாலத்துக்கு மேல சூடா இருக்கலாம், அங்க இறங்கித் திரும்ப ஏறினா இன்னொரு நித்திரை. அதுக்கு முதல் ஒரு கடையில வேலை, கடைக்கு மேலயே ரூம், வாடகையை சம்பளத்தில கழிப்பினம். கடை கைமாற வேலையும் ரூமும் ஒண்டாப் போச்சு. மூண்டு கிழமை தவணை தந்தவை, அதுவும் வாயாலதான், ஒரு துண்டுக் கடிதம் கூட இல்லை. எனக்கு அப்ப 53 வயசு, சீனி வருத்தம் வேற.

முதல் நன்றி அந்த பஸ் டிரைவர்மாருக்கு. கடைசி ஸ்டொப்பில ஆக்களை இறக்கத்தான் வேணும், அது அவையின்ர வேலை. ஆனா ஒருத்தர் தோளில தட்டாமல் கம்பியில தட்டித்தான் எழுப்புவார், எழுப்பிப்போட்டு இன்னும் பத்து நிமிசத்தில திரும்ப வெளிக்கிடுவன் அங்கிள், தூர போகாதேங்கோ எண்டுவார்.

அடுத்தது லைப்ரரிப் பிள்ளை. பகல்ல நான் அங்கதான் இருப்பன், பேப்பரை விரிச்சு வச்சுக்கொண்டு வாசிக்கிற மாதிரி. அவ ஒரு நாள் வந்து பக்கத்தில இருந்து மெதுவா, இரவில எங்க படுக்கிறீங்கள் எண்டு கேட்டா. பிறகு ஸ்ட்ரீட்லிங்க் எண்டு ஒண்டு இருக்கு, ரோட்டில படுக்கிற ஆளைக் கண்டா எந்த இடம், எத்தினை மணி, ஆள் எப்பிடி எண்டு ஆரும் அதில எழுதிவிடலாம், அந்த ஏரியாவில இரவில சுத்துற டீமுக்குத் தகவல் போகும், அதை அவவே நிரப்பினா. முதல்தரம் என்னை அவை காணேல்லை. காணுறதெப்பிடி, ஒரு கடை வாசல்ல படுத்திருந்தா வந்து பாக்கலாம், ஓடுற பஸ்ஸில இருக்கிறவனை எங்க போய்த் தேடுறது? பஸ்ஸில படுக்கிற சனம் கனபேர் இப்பிடித்தான் ஒருத்தற்ற கண்ணிலயும் படாமல் போகினம் எண்டு நினைக்கிறன். ரெண்டாந்தரம் அவ "இல்ஃபோர்ட் கடைசி ஸ்டொப், விடிய 4 மணி" எண்டு எழுதிவிட்டா, அண்டு இறங்கேக்க ரெண்டு பேர் தேத்தண்ணியோட நிக்கினம்.

அந்த ரெண்டு பேரும் கவுன்சில், அதாவது அந்த ஏரியா உள்ளூராட்சி, காசு குடுத்து நடத்துவிக்கிற ஒரு சரிட்டி ஆக்கள். நான் வேலைக்குப் போறன் எண்டு பொய் சொன்னன். அவையில ஒரு பிள்ளை ஓமோம் எண்டு தலையாட்டிச்சுது, ஆனா அடுத்த நாளும் அதே இடத்தில நிண்டுது, அதுக்கு அடுத்த நாளும். நாலாம் நாள்தான் நான் உண்மை சொன்னன்.

பிறகு டிசம்பர் 11, ஞாயிறு இரவு, லண்டன்ல ஸ்னோ கொட்டினது ஞாபகம் இருக்கும். லண்டனுக்குள்ள எங்கயாவது 0 டிகிரிக்குப் போகும் எண்டு ஃபோர்காஸ்ட் வந்தாலே எல்லாப் பக்கத்துக் கவுன்சில்களும் அவசர இடம் திறக்கிறதெண்டு ஒரு ஒழுங்கு இருக்கு, அதுக்கு ஸ்வெப் எண்டு பேர், வழமையாக் கேக்கிற தகுதிக் கேள்வியள் அந்த நேரம் பெரிசா இல்லை, ஆள் உள்ள வந்தாச் சரி. என்னைக் கொண்டுபோனது ஒரு சேர்ச் ஹோல். வரிசையா மடக்குக் கட்டில், எல்லாரும் சப்பாத்தைத் தலைமாட்டில வச்சுக்கொண்டு படுக்கினம். அங்க சமைச்ச கரீபியன் அம்மாவுக்கு கோடி நன்றி. என்ர முகத்தைப் பாத்திட்டு மிளகாய் சோஸ் போத்தலை அப்பிடியே எனக்கு முன்னால வச்சிட்டுப் போனா.

இனி கவுன்சில்ல வீட்டுப் பிரச்சினை பாக்கிற ஹவுசிங் ஒஃபிசர். இவவைப் பற்றி எழுதினா நிப்பாட்ட ஏலாது. இவவட்ட வர முதல் வேற ஒரு கவுன்டர்ல, தனி ஆம்பிளை, நீ முன்னுரிமை இல்லை எண்டு சொல்லி அனுப்பினவை, நானும் சரி எங்களுக்கு ஒண்டும் இல்லையாக்கும் எண்டு வந்திட்டன். அது பாதிக் கதை எண்டு இவதான் சொன்னா. 2017ல வந்து 2018 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தனி ஆளெண்டாலும், உதவி பெறத் தகுதியுள்ள விசா நிலை இருந்தா, வீடு இல்லாமல் போனவருக்கு இடம் தேட கவுன்சில் 56 நாள் உதவ வேணும். அதை விட முக்கியம், 56 நாளுக்குள்ள வீடு போகப்போகுது எண்டா, போக முதலே வந்து நிண்டாலே அவை வேலை தொடங்க வேணும். பிறகு என்னைப் பேசினா பாருங்கோ ஒரு பேச்சு! கடைக்காரர் சொன்ன அண்டைக்கே வந்திருந்தா நானே அவரோட கதைச்சிருப்பன், உங்களுக்கு என்ன உரிமை இருக்கெண்டாவது பாத்திருக்கலாம், வாயால சொன்னதுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனீங்களோ எண்டு. அந்த மூண்டு கிழமையும் நான் என்ன செய்தனான் எண்டா, கூட்டாளிமாருக்குத் தெரியக் கூடாதெண்டு சாமான் ஒதுக்கினனான்.

ஒரு பேப்பர்ல ஒரு பக்கம் தன்ர வேலை, மற்றப் பக்கம் என்ர வேலை எண்டு எழுதித் தந்தா. எனக்கு டொக்டற்ற கடிதம், பாங்க் ஸ்டேட்மென்ட், ரூம் போய்ப் பாக்கிறது. அவவுக்கு டெபொசிட், முதல் மாச வாடகை, வீட்டுக்காரரோட கதைக்கிறது. 35 வயசுக்குக் கீழ எண்டா ஷெயார் ரூம் கணக்குத்தானாம் வாடகை உதவி, எனக்கு ஒரு பெட்ரூம் கணக்கு. வயசு போனதில நான் கண்ட ஒரே லாபம் அதுதான். 41ஆம் நாள் மனர் பார்க்கில சின்ன ஸ்டூடியோ ஒண்டு சரிவந்திது.

இந்தக் கடிதத்தை ஆராவது ரூம் விடச் சொல்லி நோட்டீஸ் வந்து ஒளிச்சு வச்சுக்கொண்டு வாசிக்கிறீங்கள் எண்டா, நாளைக்கே கவுன்சிலுக்குப் போங்கோ. முதல் ஆள் இல்லை எண்டு சொன்னா அந்த இல்லையை எழுத்தில கேளுங்கோ. கூட வர ஆள் இல்லாட்டி எனக்கு மெசேஜ் போடுங்கோ, எனக்குப் பகல்ல நேரம் இருக்கு, இங்கிலீஸ் சுமார்தான் ஆனா வெக்கம் விட்டுப் போச்சு.

லைப்ரரிப் பிள்ளைக்கு மட்டும் நேர சொல்லக் கிடைக்கேல்லை, வேற பிராஞ்சுக்கு மாறிட்டாவாம். ஆரும் கண்டா அந்த பேப்பர் அங்கிள் இப்ப பேப்பரை உண்மையாவே வாசிக்கிறார் எண்டு சொல்லிவிடுங்கோ.