காசு குடுத்து வாங்கின ஆயிரம் பேர்

அன்பு மகளுக்கு,

நேற்று போன்ல கதைக்கேக்க நீ கேக் பேஜுக்கு அஞ்சாயிரம் ஃபாலோவர்ஸ் வாங்கப் போறன், கொஞ்ச டொலர்தான் அப்பா எண்டு சொன்னாய், நான் ஓம் எண்டும் சொல்லேல்ல வேண்டாம் எண்டும் சொல்லேல்ல, கறி அடிப்பிடிக்குது எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். அடுப்பில கறியே இல்ல. வாயால சொல்ல வெக்கமாக் கிடந்தது, அதான் விடிய வெள்ளனவே எழும்பி இதை ரைப் பண்ணுறன், கொம்மா இன்னும் எழும்பேல்ல.

விசயம் என்னெண்டா, நானும் வாங்கினனான்.

யூடியூப்பில சனல் துவங்கி எட்டு மாசம், 412 பேர். யூடியூப்பில காசு வாறதெண்டா ஆயிரம் பேர் வேணுமெண்டு எல்லாரும் சொல்லுறாங்கள். ரவுனில ஒரு போன் கடைப் பெடியன், பேர் வேண்டாம், ஐயா நாலாயிரம் ரூபா தாங்கோ ரெண்டு நாளில ஏத்தித் தாறன் எண்டான். பென்சன் காசில எடுத்துக் குடுத்தன். சொன்ன மாதிரியே ஏறிச்சு. நடுச்சாமத்தில எழும்பி எழும்பிப் பாக்கிறன், கிணறு ஊறுற மாதிரி நம்பர் ஊறிக்கொண்டே போகுது, அப்ப வந்த சந்தோசத்தை இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பு. பிறகு எங்கட திருகோணமலைக் கோணேசர் கோவில் திருவிழா வீடியோ போட்டன். முந்தி ஒரு வீடியோவை நூற்றம்பது பேராவது பாப்பினம், இதை 38 பேர். ஆயிரத்துச் சொச்சம் பேர் வீட்டுக்குள்ள இருக்கினம், கதவைத் தட்டினா ஒருத்தரும் திறக்கேல்ல. கொஞ்சக் கிழமையில அதுவும் குறையத் துவங்கிச்சு, யூடியூப்காரர் கள்ள எக்கவுண்டுகளைப் பிடிச்சு அழிக்கிறவங்களாம்.

அதோட ஆயிரம் பேர் எண்டது பாதிக் கணக்குத்தான் மகள். ஒரு வருசத்துக்குள்ள சனம் 4000 மணித்தியாலம் பாத்திருக்கோணும். நான் தபால் கந்தோரில கணக்குப் பாத்த ஆள், கொப்பி எடுத்துப் போட்டுப் பாத்தன், மூண்டு நிமிச வீடியோ எண்டா எண்பதாயிரம் தரம் முழுசாப் பாக்கோணும். காசுக்கு வந்தவன் ஒருக்காவும் பாக்கமாட்டான். உன்ர இன்ஸ்டாகிராமும் அப்பிடித்தான், அதின்ர தலைவர் மொசேரியே சொல்லியிருக்கிறார், சனம் எவ்வளவு நேரம் நிண்டு பாக்குது, லைக் போடுதா, வேற ஆருக்கும் அனுப்புதா எண்டுதான் முக்கியமாப் பாக்கிறதாம். வாங்கின அஞ்சாயிரம் பேர் உன்ர கேக்கை ஆருக்கு அனுப்பப் போறாங்கள்?

சரி, பிறகு எப்பிடி ஆக்கள் வந்தது எண்டு கேப்பாய். ரொறன்ரோவில இருந்து ஒருத்தர் எழுதினார், அண்ணை, டைக் வீதியால ஒருக்கா நடந்து காட்டுவியளோ, 83ல விட்டுட்டு வந்தனாங்கள் எண்டு. அந்த ஒரு கொமென்ட்தான். 31 வருசம் சைக்கிள்ல காயிதம் குடுத்துத் திரிஞ்சவன் நான், எந்த ஒழுங்கைக்குள்ள எத்தினையாம் நம்பர், எந்த வளவு நாய் கடிக்கும் எண்டெல்லாம் எனக்குத் தெரியும். பதினொரு நிமிசம், பாட்டு இல்ல, கடல் சத்தமும் என்ர செருப்புச் சத்தமும்தான், நடந்து காட்டினன். அவர் அதைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில போட, அவை வேற குரூப்பில போட, ஏகாம்பரம் வீதி காட்டுங்கோ, வித்தியாலயம் வீதி காட்டுங்கோ, ஓர்ஸ்ஹில் ஏத்தத்தைக் காட்டுங்கோ, லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் எண்டு எல்லாப் பக்கத்தாலயும் விலாசம் வரத் துவங்கிச்சு. பென்சன் எடுத்தாப்பிறகும் நான் விலாசம் தேடித்தான் திரியுறன்.

முந்தி வணக்கம் உறவுகளே எண்டு ஒரு நிமிசம் இழுப்பன், ஆக்கள் எவ்வளவு நேரம் பாக்கினம் எண்டு யூடியூப் காட்டுற கிராஃபைப் பாத்தா முதல் அரை நிமிசத்திலயே சனம் மளமளவெண்டு இறங்கிப் போகுது. பழைய படப்பாட்டுப் போட்டு உரிமைப் பிரச்சினையும் வந்தது. இப்ப ரெண்டும் இல்ல. டச்சுபே கடற்கரைக் காத்துக்கு கொம்மா மைக்கில லேஞ்சியைச் சுத்திவிட்டவ, அந்த லேஞ்சிக்கே ரசிகர் இருக்கினம். காலமை ஆறரைக்குப் போடுவன், அப்ப ரொறன்ரோப் பக்கம் இரவு எட்டு ஒன்பது மணி, சனம் சாப்பிட்டுக் கட்டில்ல விழுந்து போனை எடுக்கிற நேரம்.

மான் வீடியோவைப் பற்றியும் சொல்லோணும். கோட்டையடி மான் ஒண்டு கடையில தொங்கின வாழைக்குலையை இழுத்துத் திண்டதை எடுத்துப் போட்டன், ரெண்டு லட்சம் பேர் பாத்திச்சினம். என்ர தலை கோவில் கோபுரத்துக்கு மேல போயிட்டுது. சனலுக்கு வந்தது அறுபது பேர். மானைப் பாக்க வந்தவை மானோட போயிட்டினம். அதுக்குப் பிறகு ஒரு மாசம் மானுக்குப் பின்னால திரிஞ்சன், அது வேற கதை, கொம்மாட்ட கேள்.

ஒரு பிழையும் விட்டனான். ஒரு ஆள் தன்ர பழைய வீட்டைக் கேட்டார், நான் ரோட்டில நிண்டு போனைத் தூக்கி எடுத்திட்டன், உள்ள இப்ப வேற ஒரு குடும்பம், முத்தத்தில ஒரு பிள்ளை குளிச்சுக்கொண்டு நிண்டது. அந்தத் தகப்பன் கேற்றடிக்கு வந்து ஏன் ஐயா எண்டு ஒரு சொல்லுத்தான் கேட்டார். அவர் பாக்க அதிலயே நிண்டு அழிச்சன். இப்ப எந்த வீட்டடியிலயும் முதல்ல சைக்கிள் மணியை அடிச்சு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டாப்பிறகுதான் போன் வெளியில வரும். (பெல் பட்டனை அழுத்துங்கோ எண்டு மற்றவை கெஞ்சிறதைப் பாத்தா எனக்குச் சிரிப்பு, வாழ்க்கை முழுக்க மணி அடிச்சது நான்.)

பத்து டொலர் சேந்தவுடன கூகிள்காரர் ஆறு இலக்க நம்பர் ஒண்டைத் தபாலில அனுப்புவாங்கள், விலாசம் உண்மையோ எண்டு பாக்க. அதைக் கொண்டந்து தந்தவன் நான் பழக்கிவிட்ட பெடியன். ஐயா உங்களுக்கு அமெரிக்காவில இருந்து காயிதம் எண்டு கேற்றில நிண்டு கத்தினான். உள்ளுக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனிய இருந்தன் பிள்ளை.

உன்ர பேஜைப் பாத்தனான். எல்லாக் கேக்கும் வடிவு, எல்லாம் ஒரே வெள்ளை மேசையில, ஆற்ற பேஜ் எண்டு தெரியேல்ல. ஆனா போன நத்தாருக்கு எங்களுக்கு மட்டும் ஒண்டு அனுப்பினாய், லவ் கேக் நடுவில இறங்கிப்போச்சு எண்டு ஓவனைத் திறந்து வைச்சுக்கொண்டு ரவையைப் பேசி, கஜுவைப் பேசி, கடைசியா உன்னையே பேசிப்போட்டு அப்பிடியே கரண்டியால அள்ளித் திண்டாய். கொம்மா அதை ஏழு தரம் பாத்தவ. பக்கத்து வீட்டு அன்ரிக்கு அனுப்பினவ, அவ கொழும்பில இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பி, அந்தத் தங்கச்சி எங்கட வீட்டுக்குப் போன் எடுத்து ரவை எவ்வளவு நேரம் வறுக்கோணும் எண்டு கேட்டவ. அதை ஏன் பேஜில போடேல்ல?

கொம்மா எழும்பிட்டா, தேத்தண்ணி வைக்கிற சத்தம் கேக்குது. நாலாயிரம் ரூபாக் கதையை அவவுக்குச் சொல்லிப்போடாத, ஒரு காஸ் சிலிண்டர் காசைக் காத்தில விட்டனீங்கள் எண்டு பொங்கலுக்கும் பேசுவா, தீபாவளிக்கும் பேசுவா. இண்டைக்கு டொக்யார்ட் வீதி, மெல்பேர்ண் அம்மா ஒருத்தி தான் பஸ்ஸுக்கு நிண்ட இடத்தைக் கேட்டிருக்கிறா, வெயில் ஏற முதல் போயிட்டு வரோணும்.

அப்பா