டயட்டீஷியன் தேர்வு: கடைசி நான்கு பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டயட்டீஷியன் பதிவுத் தேர்வுக்குப் படிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால், சர்க்கரை நோய்க்கு என்ன, சிறுநீரகத்துக்கு என்ன, ஈரலுக்கு என்ன என்று முக்கால் நோட்டு நிறைந்திருக்கும். ஆராய்ச்சி முறையும் சமையற்கூட நிர்வாகமும் கடைசி நான்கு பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும். 'அதை முந்தின வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைத்த பக்கங்கள். மதிப்பெண் ஒழுகுவது அங்கேதான். நோய்க்கான உணவைக் கேட்டால் இரண்டு விடைகள் சரி போலவே தெரியும். கணக்கில் அந்தத் தகராறு இல்லை. போட்டால் வரும், போடாவிட்டால் வராது.

அதற்கு முன் இன்னொரு கோளாறு. இணையத்தில் சும்மா கிடைக்கும் வினா வங்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்கத் தேர்வுக்காக எழுதப்பட்டவை. முறைகளைக் கற்க அவை நல்லவை, எண்களுக்கு ஆகா. வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாள் இரும்புச்சத்து அங்கே 18 மில்லிகிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையில் 29. ஆணுக்கு அங்கே 8, இங்கே 19. நம் சாப்பாட்டில் இரும்பு பெரும்பாலும் தானியத்திலும் பருப்பிலும் கீரையிலுமிருந்து வருகிறது, அவற்றிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது, உடம்பில் சேர்வது குறைவு. காரணம் தெரிந்தால் எண் மறக்காது. உடல் நிறை குறியீட்டிலும் அப்படியே: அங்கே 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடற்பருமன், இங்கே 23, 25.

இந்தியப் புத்தகம்தானே என்று பழைய பதிப்பை வைத்துக்கொள்வதிலும் ஆபத்து உண்டு. 2010 பட்டியலில் ஆணுக்கான மாதிரி எடை 60 கிலோ, 2020-இல் 65. வயதுவந்தோருக்குக் கால்சியம் 600 மில்லிகிராம் என்றிருந்தது 1000 ஆகிவிட்டது. புரதம் கிலோவுக்கு 0.83 கிராம், 65 கிலோவுக்குப் பெருக்கினால் 54. பரிந்துரை அளவு என்பது ஒரு கூட்டத்தில் 97.5 விழுக்காட்டினரின் தேவையைத் தொடுவது. சராசரித் தேவை அளவு பாதிப் பேருக்குத்தான் போதும். ஒரு விடுதியில் எத்தனை பேருக்குப் பற்றாக்குறை என்று மதிப்பிடச் சொன்னால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். முதலாவதை எடுத்தால் நன்றாகச் சாப்பிடுகிறவரும் குறைபாடு உள்ளவராகிவிடுவார். எரிசக்திக்குப் பரிந்துரை அளவே கிடையாது, சராசரித் தேவை மட்டும்தான். எல்லோருக்கும் கூடுதலாக வைத்தால் எல்லோரும் பருத்துப்போவார்கள் என்பதால்.

2017-இல் வந்த இந்திய உணவு உட்கூறு அட்டவணை எரிசக்தியைக் கிலோஜூலில் தருகிறது. தீட்டிய பச்சரிசிக்கு எதிரே 1491 என்று பார்த்ததும் மிரள வேண்டாம். 4.184-ஆல் வகுத்தால் 356 கிலோகலோரி. அது நூறு கிராம் அரிசிக்கு, சோற்றுக்கு அல்ல. அரிசி வெந்தால் இரண்டரை, மூன்று மடங்கு எடை கூடும், கூடுவதெல்லாம் தண்ணீர். கேள்வியில் 'வெந்தது' என்ற சொல் ஓரமாக நிற்கும். அதைப் பார்க்காமல் போனவர் விடை மூன்று மடங்கு வீங்கியிருக்கும்.

புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று இட்டுநிரப்புவதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை நெல்லைச் சீமைக்காரருக்கு இல்லை. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் தட்டில் இருந்தால் போதும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, உளுந்தில் அது தாராளம். உளுந்தில் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு, அதை அரிசியும் எள்ளும் ஈடுகட்டுகின்றன. 60 கிராம் அரிசிக்கு 30 கிராம் உளுந்து போட்டால் ஏறத்தாழ 12 கிராம் புரதம், அதில் பாதிக்கு மேல் அந்த ஒரு கை உளுந்து கொடுத்தது. கருப்பட்டி மட்டும் நம் ஊர்ப் பெருமையை ஒட்டி விடை எழுத வைத்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சர்க்கரைதான்.

இனி சமையற்கூடம். 180 நோயாளிகளுக்கு மதியம் தலைக்கு 90 கிராம் காய் பொரியலுக்கு வேண்டும். அந்தக் காயில் உண்ணும் பகுதி 75 விழுக்காடு. எவ்வளவு வாங்க வேண்டும்? நறுக்கிய காய் 16.2 கிலோ. இதுவரை எல்லோரும் சரி. 'கால் பங்கு கழிவு போகிறது, கால் பங்கு சேர்த்து வாங்கு' என்று 20.25 கிலோ எழுதுவார்கள். தவறு. 16.2-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: 21.6 கிலோ. கழிவு கணக்கிடப்படுவது வாங்கிய காயின்மேல், நறுக்கிய காயின்மேல் அல்ல. 20.25 வாங்கினால் தோல், காம்பு போக மிஞ்சுவது 15.19 கிலோ. 168 தட்டோடு தீர்ந்துவிடும். ஒரு வார்டின் கடைசியில் பதினொன்று, பன்னிரண்டு பேர் பொரியல் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆள் கணக்கிலும் அமெரிக்கப் புத்தகம் காலை வாரும். முழுநேரப் பணியாளர் ஒருவருக்கு அவர்கள் வைப்பது வாரம் 40 மணி நேரம், இங்கே 48. வாரத்துக்கு 336 மணி நேர வேலை உள்ள சமையற்கூடத்துக்கு அங்கே 8.4 ஆள், இங்கே 7. எந்த மணி நேரம் என்று கேள்வியே சொல்லும், சொல்லாவிட்டால் விடைகளைப் பார்த்தால் தெரியும். வாரவிடுப்புக்கு மாற்றாள் தனிக் கணக்கு.

சுகாதாரப் பகுதியில் 5 முதல் 60 டிகிரி வரை அபாய வெப்பம் என்பதைச் சொல்லாதவர் இல்லை. ஏன் என்று கேட்டால் பலருக்கு வாய் அடைத்துவிடும். அண்டா நிறையச் சோறு வடித்து மூடி வைத்தால், கை வைக்கிற ஓரம் ஆறியிருக்கும், நடு வயிறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள் கொதியிலும் சாகாது. அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி, வாந்தி வரவழைக்கும் நஞ்சை விட்டுவிடும். அந்த நஞ்சு வெப்பத்துக்கு அசையாது. அதனால் 'நன்றாகச் சூடுபண்ணிக் கொடுத்தால் சரியாகிவிடும்' என்ற விடை எப்போதும் தவறு. எடுத்துவைக்க வேண்டிய சோற்றை அகலத் தட்டுகளில் இரண்டங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆறவிட்டுக் குளிரில் வைப்பதே முறை. அமெரிக்க விதியைக் கேட்டால் 57-இலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரம், 5 டிகிரி வரை மொத்தம் ஆறு மணி நேரம். ஆறு மணி நேரம் கைவசம் இருக்கிறதே என்று முதல் கட்டத்தை இழுத்தடிக்கக் கூடாது. கிருமி வேகமாகப் பெருகுவது அந்தக் கட்டத்தில்தான்.

ஆராய்ச்சி முறைக்குப் பயப்படுகிறவர்கள் ஊர்க்காட்சியாக யோசித்தால் பாதி பயம் போய்விடும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு ஒரே சமயத்தில் ஹீமோகுளோபின் பார்த்தால் குறுக்குவெட்டு ஆய்வு. சோகை இல்லாத பெண்களில் பீடி சுற்றுகிறவர், சுற்றாதவர் இரு கூட்டத்தையும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தால் கோஹார்ட். சோகை உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்து 'முன்னால் என்ன வேலை செய்தீர்கள்' என்று கேட்டால் கேஸ் கன்ட்ரோல். முதலாவதிலிருந்து 'பீடியால் சோகை வந்தது' என்று முடிவுகட்ட முடியாது. எது முன், எது பின் என்று அதில் தெரியாது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் குறிக்கும் 24 மணி நேர உணவு நினைவுகூரலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சுடலைமாடன் கோவில் கொடைக்கு மறுநாள் போய்க் கேட்டால் ஊரே கறிச்சோறு சாப்பிட்டதாகத்தான் வரும். அடுத்தடுத்து இல்லாத மூன்று நாள், அதில் ஒன்று விடுமுறை நாள் என்று எடுப்பது அதற்காகத்தான்.

சோதனைக் கருவிக் கணக்கு ஒன்றைப் பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள். களக்காட்டில் 200 மாணவிகள், அவர்களில் 50 பேருக்குச் சோகை என்று வைப்போம். கருவி அந்த 50-இல் 40 பேரைப் பிடிக்கிறது: உணர்திறன் 80 விழுக்காடு. சோகை இல்லாத 150-இல் 135 பேரைச் சரியாக விடுவிக்கிறது: குறித்திறன் 90. 'இருக்கிறது' என்று காட்டியது 55 பேருக்கு, அதில் உண்மை 40; அதாவது 73 விழுக்காடு. இப்போது 200 பேரில் சோகை 10 பேருக்கு மட்டுமே உள்ள வேறொரு பள்ளிக்கு அதே கருவியை எடுத்துப்போங்கள். பிடிபடுவது 8, பொய்யாகக் காட்டுவது 190-இல் 19. மொத்தம் 27-இல் 8, முப்பது விழுக்காடுதான். கருவி மாறவில்லை, பள்ளிக்கூடம் மாறியது. நான்கு விடைகளில் 'உணர்திறன் குறைந்தது' என்று ஒன்று வலை விரித்துக் காத்திருக்கும்.

மருத்துவ உணவுப் பகுதியை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அது தலைகீழ்ப் பாடம். நரம்பில் ஏற்றும் சிரைவழி ஊட்டத்தில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை கிராமுக்கு 4 அல்ல 3.4 கிலோகலோரி என்பதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளட்டும்.

2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உணவியல் வல்லுநரையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. ஆகவே தங்கள் இதழ் வழியாக இரண்டு வேண்டுகோள். இந்தப் பாடம் நடத்தும் கல்லூரிகள், மாணவிகளை ஒரு மாதமாவது தங்கள் விடுதிச் சமையற்கூடத்தில் நிறுத்தி, காலை ஐந்தரை மணிக்குக் காய் இறங்கும்போது எடை போடவும், கழிவை மறுபடி எடை போடவும், மதியம் சோற்றுக்குள் வெப்பமானி குத்திப் பார்க்கவும் விட வேண்டும். மாவட்ட மைய நூலகம் 2020 பரிந்துரைப் புத்தகத்தையும் 2017 அட்டவணையையும் நாலைந்து படிகள் வாங்கி, வெளியே கொடுக்காமல் மேசையிலேயே வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு அது போதும்.

இப்படிக்கு,
உணவூட்டவியல் ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.