வெளியிட்ட கோப்பைத் தொடாதீர்கள்: நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டற்ற மென்பொருள் எழுதி வெளியிடும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பெரும்பாலோருக்கு என்னைத் தெரிந்திருக்காது. நீங்கள் லினக்ஸிலோ மேக்கிலோ உட்கார்ந்து எழுதிய நிரல், ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடும் கணினியில் 'பிகேஜி இன்ஸ்டால்' என்று ஒரு வரி தட்டியதும் வந்து இறங்குகிறதே, அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் ஆட்களில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 11 போர்ட்களுக்கு மெயின்டெய்னர், அதாவது பராமரிப்பவன். எல்லாம் சின்னச் சின்ன நிரல்கள். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஏதாவது உடைந்தால் மட்டும் யாராவது எழுதுவார்கள்.

போர்ட் என்பதைச் சமையல் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைக்கப்படுவது உங்கள் நிரல். மூலநிரலை எங்கிருந்து இறக்குவது, எந்த நூலகங்கள் முன்கூட்டியே வேண்டும், எங்கள் தளத்தில் ஓட எதையெல்லாம் திருத்துவது, கடைசியில் எந்தக் கோப்பு எந்த அடைவில் போய் உட்காரும் என்பதெல்லாம் ஒரு மேக்ஃபைலிலும் கூடவே இருக்கும் சில கோப்புகளிலும் இருக்கும். இப்படி 30,000-க்கும் மேற்பட்ட போர்ட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மெயின்டெய்னர் என்று ஒரு வரி, அதில் ஒரு மின்னஞ்சல் முகவரி. பொது அஞ்சல் குழுவின் முகவரி இருந்தால் அந்த போர்ட்டுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். அப்படி அநாதையாக நிற்பவையும் நிறைய.

கூட இருக்கும் அந்தக் கோப்புகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். டிஸ்ட்இன்ஃபோ என்று பெயர். பெரும்பாலும் மூன்றே வரி. என்றைக்குப் பதிந்தது, நீங்கள் வெளியிட்ட டார்பாலின் (மூலநிரல் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டிய மூட்டை) ஷா256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்), அது எத்தனை பைட். நான் இறக்கி, பிரித்து, கட்டிப் பார்த்த கோப்பு இதுதான் என்று நான் வைக்கும் கைநாட்டு அது. கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் பில்ட், அதாவது நிரலைக் கட்டும் வேலை, நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு ஒரு பயனரிடமிருந்து புகார் வந்தது. செக்சம் ஒத்துப்போகவில்லை, பில்ட் முதல் படியிலேயே நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அந்த போர்ட்டைப் புதிய பதிப்புக்கு ஏற்றியிருந்தேன், அப்போது எல்லாம் சரியாக ஓடியது. திரும்ப இறக்கிப் பார்த்தேன். அதே கோப்புப் பெயர், அதே பதிப்பு எண், ஆனால் 214 பைட் அதிகம். நல்லவேளையாக என் வட்டில் பழைய டார்பால் கிடந்தது. இரண்டையும் இரண்டு அடைவுகளில் பிரித்து வைத்து, வித்தியாசம் காட்டும் டிஃப் கட்டளையை ஓட்டினேன். திரை உருளத் தொடங்கியதும் மனசு திக்கென்றது. பார்த்தால் கோப்புகளின் தலைப்பில் பதிப்புரிமை ஆண்டை மாற்றியிருக்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே போனதில், அறிமுகக் கோப்பில் ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம். அவ்வளவுதான்.

எழுதியவரிடம் கேட்டேன். "சின்னப் பிழைதானே, இதற்கு ஒரு புது வெளியீடா என்று அதே கோப்பை மாற்றி வைத்துவிட்டேன்" என்றார். நல்ல மனிதர், மன்னிப்பும் கேட்டார். ஆனால் என் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இப்போது உலகத்தில் சுற்றுகின்றன. எங்கள் கேச் சர்வர்களில் பழையது இருக்கிறது, உங்கள் தளத்தில் புதியது இருக்கிறது. இரண்டும் மோதாமல் இருக்கப் புதியதைத் தனி அடைவில் இறக்கும்படி போர்ட்டில் எழுத வேண்டும். அப்புறம் பூட்ரியேர் என்ற கருவியில் ஃப்ரீபிஎஸ்டியின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சுத்தமான ஜெயில் (தனித்து ஒதுக்கிய சூழல்) எழுப்பி, முதலிலிருந்து கட்டிப் பார்க்க வேண்டும். (பூட்ரியேர் என்றால் பிரெஞ்சில் வெடிமருந்துக் கிடங்கு. பெயர் வைத்தவர் அனுபவஸ்தர்.) பிறகு பேட்ச்சை, அதாவது திருத்தக் கோப்பை, பக்சில்லா என்ற எங்கள் பிழைப்பதிவுத் தளத்தில் போட்டுவிட்டு, அதைக் களஞ்சியத்தில் சேர்க்கும் (கமிட் செய்யும்) உரிமை உள்ள ஒருவர் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்த உரிமை இல்லை. ஒரு எழுத்துப்பிழைக்கு மூன்று இரவுகள் போயின.

இதில் இன்னொரு வழியும் உண்டு. 'மேக் மேக்சம்' என்று தட்டினால் புதிய செக்சம் தானாக எழுதப்பட்டுவிடும். இரண்டு நொடி வேலை. எதையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. பத்து முறை எழுத்துப்பிழை என்று பார்த்து அலுத்தவன் பதினோராவது முறை அதைத்தான் செய்வான். என் பயமெல்லாம் அந்தப் பதினோராவது முறையைப் பற்றித்தான்.

இது வீண் பயம் என்று நினைத்தால் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் கதையை நினைத்துப் பாருங்கள். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், அதில் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருப்பதை வெளியில் சொன்னார். டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் அவருடைய கணினியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமானது. ஏன் என்று தோண்டப் போய் அந்தப் பின்கதவில் வந்து நின்றார். 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளிலும் அது இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பிள்ளையாக வேலை பார்த்து, நம்பிக்கை சம்பாதித்து, வெளியிடும் பொறுப்பைக் கைப்பற்றியிருந்தார். எனக்கு இதில் தூக்கம் கெட்ட இடம் வேறு. பின்கதவு என்ற வெடிமருந்து, சோதனைக் கோப்பு வேடத்தில், மூலநிரலை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் எல்லோர் கண் முன்னாலும் கிடந்தது. அதைப் பற்றவைக்கும் திரியை டார்பாலில் மட்டும் செருகியிருந்தார்கள். களஞ்சியத்தை மட்டும் படித்தவர்களுக்கு அது தட்டுப்பட வழியே இல்லை.

செக்சம் அதைப் பிடித்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அந்த டார்பால் பிறக்கும்போதே கெட்டுப்போனது. எங்கள் வெளியீடுகள் தப்பித்ததிலும் எங்கள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, அது குறிவைத்தது லினக்ஸை. ஆனால் களஞ்சியத்தில் இருப்பதும் டார்பாலில் இருப்பதும் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது சகஜம் என்று நாம் எல்லோருமே பழகிப்போயிருந்தோம். அவர் ஒளிந்த இடம் அந்தப் பழக்கம்தான். வெளியிட்ட கோப்பை அமைதியாக மாற்றி வைப்பதும் எங்களுக்கு இன்னொரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது: பிரித்துப் பார்க்காமலே செக்சத்தை மாற்றிவிடுவது.

டார்பாலே போடாமல் களஞ்சியத்தில் பதிப்பைக் குறிக்கும் டேக் மட்டும் வைத்துவிட்டு, கிட்ஹப் தளம் தானாகக் கட்டித் தரும் கோப்பை நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 30 அன்று, கிட் கோப்புகளைச் சுருக்கும் முறையில் நடந்த ஒரு மாற்றத்தால் அந்தக் கோப்புகளின் பைட்கள் மாறிப்போயின. உள்ளே இருந்த மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, செக்சம் மட்டும் மாறியது. எத்தனையோ திட்டங்களின் பில்ட்கள் ஒரே நாளில் விழுந்தன. அன்றே மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த நிரல்களை எழுதியவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை, உண்மைதான். ஆனாலும் டார்பாலை நீங்களே கட்டி, வெளியீட்டுப் பக்கத்தில் ஏற்றி, முடிந்தால் கையொப்பமும் இட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பேக்கேஜ் கட்டுகிறவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. 2006-இல் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் பேக்கேஜைக் கவனித்தவர், நினைவகப் பிழைகளைத் தேடும் வேல்கிரைண்ட் கருவி எச்சரிக்கிறதே என்று ஓரிரு வரிகளை நீக்கினார். கேட்காமல் செய்யவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் எழுதுகிறவர்களின் அஞ்சல் குழுவில் கேட்டார், பிழை தேட உதவுமென்றால் எடுத்துவிடலாம் என்ற மாதிரி ஒரு பதிலும் வந்தது. அதோடு, சாவிகள் உருவாக்கத் தேவையான சீரற்ற எண்களுக்கு மிஞ்சிய மூலதனம் செயல்முறை எண் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்) மட்டுமே. 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை, டெபியனிலும் அதை ஒட்டி வந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள் யாரும் ஊகிக்கக்கூடிய சாவிகளாகவே இருந்தன. உங்கள் நிரலில் நாங்கள் போடும் பேட்ச் ஒவ்வொன்றும் இப்படி ஆகலாம். அதனால்தான் அவற்றை எங்களிடமே வைத்துக்கொள்ளாமல் உங்களுக்கு அனுப்புகிறோம். நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும், "வேண்டாம், இது தப்பு" என்றாவது சொல்ல வேண்டும். பதிலே வராமல் கிடப்பதற்கு மறுப்பு எவ்வளவோ தேவலை.

ஆகவே நான் கேட்பது இதுதான். வெளியிட்ட கோப்பை மாற்றாதீர்கள். எழுத்துப்பிழையா, அடுத்த பதிப்பில் திருத்துங்கள். அடுத்த பதிப்பு வரை பொறுக்காது என்றால் கடைசி எண்ணை ஒன்று கூட்டுங்கள். எண்களுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கும் அது ஐந்து நிமிட வேலை, 'புதுப் பதிப்பு' என்று போட்டுவிட்டுப் போய்விடுவோம்.

உரிமக் கோப்பை மறக்காதீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு மடல் ஆகிவிடும்.

கடைசியாக, மழைக்காலத்து நண்பருக்கு மட்டும். உங்கள் நிறுவல் ஸ்கிரிப்டின் முதல் வரி '/பின்/பாஷ்' என்று இருக்கிறது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் நிரல் எங்களிடம் அங்கே இல்லை, '/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்' அடைவில் இருக்கிறது. நிரலைத் தேடிப் பிடிக்கும் 'என்வ்' கட்டளை வழியாகக் கூப்பிட்டால் எல்லா இடத்திலும் ஓடும். அதே ஸ்கிரிப்டில், கோப்பில் எழுத்துகளை மாற்றும் 'செட்' கட்டளை '-ஐ' என்ற தேர்வோடு வருகிற வரியும் எங்கள் 'செட்' கட்டளையில் ஓடாது, அது '-ஐ'-க்குப் பின் காப்புக் கோப்புக்கான பின்னொட்டை எதிர்பார்க்கும். இரண்டுக்கும் சேர்த்து ஆறு வரி பேட்ச் ஒன்று மூன்று வருடமாக என் போர்ட் அடைவில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் அது ஒட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் அனுப்புகிறேன். சேர்த்துக்கொண்டால் அடுத்த பதிப்பில் என் பக்கத்தில் ஒரு கோப்பை அழித்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் நிரலைப் பொதி கட்டும் ஒருவன்