பெயர் வேண்டாம் என்ற கோச் ஐயாவுக்கு நன்றி

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1970-களின் தொடக்கம் வரை தடகளக் கோச்சாக இருந்த பில் பவர்மனின் 'ஒரு நாள் கடினம், மறுநாள் இலகு' முறையை எங்கள் கல்லூரி மைதானத்தில் பழக்கிவிட்ட ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி.

செவ்வாய்க்கிழமை 400 மீட்டர் எட்டு முறை, நடுநடுவே 200 மீட்டர் மெதுவோட்டம். முதல் சுற்றில் பாய்ந்து கடைசியில் துவண்டால் விசில் ஊதி நிறுத்திவிடுவார். புதன்கிழமை பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடும் வேகத்தில் 30 நிமிடம் மட்டும். பலரும் கெடுத்துக்கொள்வது இந்த இலகு நாளைத்தான்: வேகம் ஏறினால் தசை ஆறாது, வியாழக்கிழமை கால் கனக்கும், நாளடைவில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடிக்கும். ஸ்டாப்வாட்ச் கையில் இருந்தாலும் அவர் கண் பாதம் விழும் விதத்தில்தான் இருக்கும்.

நாங்கள் பயிற்சி தரும் பிள்ளைகளுக்கும் இன்று அதே அட்டவணைதான், ஐயா.