அப்பாகூட வந்து உக்காந்தவங்க எல்லாருக்கும் நன்றி

அப்பாவுக்கு அல்சைமர்ங்கற மறதி வியாதின்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் வீட்டுக்கு வர்றவங்க கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சு போனாங்க, யாரையும் குத்தம் சொல்லல, என்ன பேசறதுன்னு தெரியாமதான் நிறைய பேர் ஒதுங்கிடறாங்க. ஆனா நீங்க சில பேர் மட்டும் வர்றத நிறுத்தவே இல்ல. இந்த மடல் உங்களுக்குத்தான்.

முதல்ல, மதியத்துல அப்பாகூட உக்கார வர்ற தம்பிக்கு. அப்பா தையல்காரர்னு தெரிஞ்சதும் நீயா ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொண்டுவந்து அவர் மடியில வச்ச பாரு, அன்னைல இருந்து அவர் மதியமே மாறிடுச்சு. ஒவ்வொரு துண்டா எடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு தேய்ச்சுப் பாத்து, "இது சுருங்கும்டா, நனைச்சு காயப்போட்டுட்டுதான் வெட்டணும்"னு சொல்வாரு. காலைல நடந்தது மதியம் ஞாபகம் இல்லாத மனுஷனுக்கு இது மட்டும் எப்படின்னு டாக்டர்கிட்ட கேட்டேன், புதுசா நடக்கறத பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ்ங்கற மூளைப் பகுதி இந்த வியாதில சீக்கிரமே அடிவாங்கிடும், கை பழகின வேலை மூளைல வேற இடத்துல இருக்கு, அது ரொம்ப நாள் தாங்கும்னு சொன்னாரு. டேப்ப எடுத்து உன் தோள அளந்து நம்பர் சொல்வாரு, நீ நோட்டுல எழுதிப்ப, கொஞ்ச நேரத்துல மறுபடி அளப்பாரு, நீ மறுபடி திரும்பி நின்னு புதுசா எழுதுவ. "இப்பதானே அளந்தீங்க"ன்னு ஒரு தடவ கூட உன் வாய்ல வந்ததில்ல தம்பி.

இன்னொண்ணும் உனக்கு சொல்லணும். ஒரு நாள் நீ வந்து உக்காந்த கொஞ்ச நேரத்துலயே, "ஐயா இன்னைக்கு வேற மாதிரி இருக்காரு, பேசும்போதே கண்ணு சொருகுது, நேத்து இப்படி இல்ல"ன்னு சொன்ன. வியாதிதான் முத்திடுச்சோன்னு நாங்க பயந்துட்டு இருந்தோம், டெஸ்ட் பண்ணிப் பாத்தா யூரின் இன்ஃபெக்‌ஷன். வயசானவங்களுக்கு இது காய்ச்சல் கூட இல்லாம வெறும் திடீர் குழப்பமா வெளிய தெரியலாமாம், டெலிரியம்னு சொல்றாங்க. அல்சைமர் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா மெதுவா எறங்கும், இது ஒரு நாள் ரெண்டு நாள்லயே ஆளக் கவுத்துடும். மருந்து குடுத்ததும் அப்பா பழையபடி ஆயிட்டாரு. தினமும் பக்கத்துல உக்காந்து பாக்கறவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. பொழுது சாஞ்சா அப்பாவுக்கு ஒரு படபடப்பு வந்துடும், "வீட்டுக்குப் போகணும், லேட் ஆச்சு"ன்னு கதவுகிட்ட போய் நிப்பாரு, இந்த வியாதி இருக்கற நிறைய பேருக்கு சாயங்காலம் இப்படி ஆகும். அக்கா ஒரு நாளும் "இதுதானே உங்க வீடு"ன்னு வாதம் பண்ணல. "வாங்கப்பா, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்"னு கையப் புடிச்சு தெருவுல ஒரு சுத்து, வீட்டுல யார் யாரு இருப்பாங்கன்னு கேட்டுக்கிட்டே நடப்பாங்க, அவரும் அவங்க அம்மாவப் பத்தி சொல்லிக்கிட்டே வருவாரு, திரும்பி வரும்போது படபடப்பு அடங்கியிருக்கும்.

அப்பாவோட பழைய கூட்டாளி மாமா, உங்கள எங்கப்பா இறந்துபோன அவர் அண்ணன் பேரச் சொல்லித்தான் கூப்புடறாரு, நீங்களும் "என்னடா தம்பி"ன்னு குரல் குடுக்கறீங்க. வர்றவங்க பாதி பேர் வாசல்லயே "நான் யாரு சொல்லுங்க பாப்போம்"னு ஆரம்பிப்பாங்க, அப்பா முகம் அப்படியே சுருங்கிப் போயிடும், எனக்கு அதப் பாக்கவே முடியாது. நீங்க ஒரு தடவ கூட அந்தப் பரீட்சை வச்சதில்ல. 2014ல அமெரிக்காவுல அயோவா யூனிவர்சிட்டில அல்சைமர் இருக்கறவங்களுக்கு சோகமான படக்காட்சியும் சந்தோஷமான காட்சியும் போட்டுக் காட்டி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, என்ன பாத்தோம்ங்கறது மறந்து போச்சு, ஆனா அது குடுத்த சந்தோஷமும் துக்கமும் அதுக்கப்புறமும் மனசுல நின்னுச்சாம். இதப் படிச்சதும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு மாமா. நீங்க வந்துட்டுப் போனது அப்பாவுக்கு ராத்திரிக்குள்ள மறந்துடுது, ஆனா அன்னைக்கு ராத்திரி அவர் சாந்தமா இருக்கறத நாங்க பாக்கறோம்.

நீங்க எல்லாரும் குடுத்த அந்த நேரத்துலதான் அம்மா தூங்கினாங்க, அவங்க பிபி மாத்திரைய வேளைக்குப் போட்டாங்க, அவங்க சொந்தக்காரங்க கிட்ட நிம்மதியா போன்ல பேசினாங்க. டிமென்ஷியா, அதாவது அல்சைமர் மாதிரி மறதி வியாதி இருக்கறவங்கள வீட்டுல பாத்துக்கறவங்க ஒரு நாளைக்கு சராசரியா 5 மணி நேரம் அதுக்கே செலவு பண்றாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்கம்மாவக் கேட்டா அது ரொம்பக் கம்மின்னு சொல்வாங்க. அவங்களும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க.

வரலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கற மத்தவங்களும் தயவுசெஞ்சு வாங்க. காலைல பத்து மணிக்கு மேல அப்பா நல்லா தெளிவா இருப்பாரு. கூட்டமா வேணாம், ஒருத்தர் ரெண்டு பேரா வாங்க. முன்பக்கமா வந்து, உங்க பேரச் சொல்லிட்டு, அவர் கண்ணுக்கு நேரா உக்காருங்க, டிவிய நான் ஆஃப் பண்ணி வச்சுடறேன், காது மெஷினும் மாட்டி விட்டுடறேன். பேச ஒண்ணும் தோணலன்னா ஒரு துணிய எடுத்து அவர் கைல குடுங்க, மிச்சத்த அவர் பாத்துப்பாரு.